அகதிகளின் காவலர் நான்சன்

வடதுருவத்தை நோக்கிப் பனிக்கடலில் நடந்து சென்ற மாவீரர் ஒருவர், பிற்காலத்தில் ஏழை எளியோரின் ஆடையிலுள்ள பேன்களை ஒழிப்பதிலும் கருத்தாக இருந்தார் என்றால் நம்புவீர்களா? அவர்தாம் நார்வே நாட்டைச் சேர்ந்த பிரிட்யோஃப் நான்சன்.

அவர் 1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே பனிச்சறுக்கில் வல்லவர். விலங்கியல் கற்று அறிஞர் பட்டமும் பெற்றார். 1888இல் ஐந்து தோழர்களுடன் கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தார். 1895இல் ஜோஹான்சன் என்னும் ஒரே துணைவருடன் கப்பலை விட்டிறங்கி, அதுவரை எவரும் எட்டாத வடகோடியைத் தொட்டார். துருவத்தை அடைய இயலாமல் திரும்பிய இருவரும் கல்லாலும் தோலாலும் அமைத்த குடிசையில், கரடி இறைச்சி தின்று ஒரு குளிர்காலம் முழுவதையும் கழித்தனர். உலகம் அவரைக் கொண்டாடியது. பின்னர்க் கடலாராய்ச்சிப் பேராசிரியராகி, ஆய்விலேயே காலத்தைக் கழிக்க விரும்பினார். காலம் அவரை விடவில்லை.

முதல் உலகப் போர் 1918இல் முடிந்தது. ஆயினும் சைபீரியா முதலிய இடங்களில் சிறைப்பட்ட போர்வீரர்கள் பல இலட்சம் பேர் வீடு திரும்ப வழியின்றிக் கிடந்தனர். இன்றைய ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கம், 1920இல் அப்பொறுப்பை நான்சனிடம் ஒப்படைத்தது.

அந்நாளில் ரஷ்ய நாட்டில் டைபஸ் காய்ச்சல் பரவி இலட்சக்கணக்கானோரைக் கொன்றது. இது நாம் அறிந்த டைபாய்டு அன்று, வேறு நோய். உடற்பேன்களால் இது பரவுகிறது என்பதை 1909இல் பிரெஞ்சு மருத்துவர் சார்லஸ் நிக்கோல் கண்டறிந்திருந்தார். குளிக்க நீரும் மாற்று உடையும் இன்றி ஒரே பெட்டியில் நெருக்கியடித்துப் பயணம் செய்வோரிடையே பேன் பெருகாமல் என்ன செய்யும்? நோயாளியைக் கப்பலேற்றினால் மற்றவர்க்கும் நோய். ஏற்றாமல் விட்டால் அவர் வழியிலேயே சாக வேண்டும். ஆகவே, எஸ்டோனியா நாட்டு நார்வா நகரில், பழைய கோட்டையொன்றைத் தங்குமிடமாக்கினர். அங்கே கைதிகளைக் குளிப்பாட்டி, உடைகளைத் தூய்மை செய்து, மருத்துவரிடம் காட்டிய பின்னரே கப்பலேற்றினர். செஞ்சிலுவைச் சங்கத்தார் உடனிருந்து உதவினர். 1922ஆம் ஆண்டிற்குள் 4,27,000க்கும் மேற்பட்டோர் தாயகம் திரும்பினர். ஒரு வாளி வெந்நீரும் ஒரு கட்டிச் சவர்க்காரமும் எத்தனை தாய்மாரின் கண்ணீரைத் துடைத்தன!

1921இல் வோல்கா ஆற்றங்கரையில் கொடும் பஞ்சம். நான்சன் சங்கத்தில் 50 இலட்சம் பவுன் கேட்டார். அரசுகள் கைவிரித்தன. அவரோ சோர்ந்து அமராமல், பஞ்சக் காட்சிகளைப் படங்களாகக் காட்டி ஊர் ஊராகப் பேசிப் பொதுமக்களிடம் பொருள் திரட்டினார். அரசுகளிடம் இல்லாத ஈரம் ஏழை மக்களிடம் இருந்தது.

நாடிழந்த ரஷ்யர்க்கு வேறொரு துன்பம். அவர்களுடைய குடியுரிமையைப் புதிய அரசு பறித்துவிட்டது. பத்திரமில்லாதவன் எல்லை கடக்க முடியாது. முறையான வேலைக்குப் போவதும் அரிது. அடையாளக் கார்டைத் தொலைத்துவிட்டு அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1922 ஜூலையில் ஜெனீவாவில் கூடிய நாடுகள், நான்சனின் யோசனைப்படி, அகதிகளுக்கென ஓர் அடையாளப் பத்திரத்தை ஏற்றன. நான்சன் பாஸ்போர்ட் என்று பெயர் பெற்ற அதனைக் காலப்போக்கில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன.

அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்மர்னா நகரம் தீக்கிரையானது. கிரேக்க, துருக்கியப் போரினால் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கிரேக்க நாட்டில் வந்து குவிந்தனர். துறைமுகங்களிலும் கூடாரங்களிலும் அம்மையும் டைபஸும் வயிற்றுக்கடுப்பும் பரவின. நான்சன் கான்ஸ்டாண்டினோபிள் சென்று, உணவோடு மருந்தும் வேண்டுமென வற்புறுத்தினார். சங்கத்தின் கொள்ளைநோய்த் தடுப்புக் குழுவினர் கிரேக்க மருத்துவருடன் கூடி அகதிகளுக்குத் தடுப்பூசி போட்டனர்.

இங்கே ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். இரு நாடுகளும் மக்களை மாற்றிக்கொள்ளும் திட்டத்திற்கு நான்சனும் துணைநின்றார். அதன்படி கிரேக்கத்திலிருந்த 3 இலட்சத்திற்கும் மேற்பட்ட முஸ்லிம்களும் பிறந்த மண்ணைவிட்டு வெளியேற நேர்ந்தது. மேலும் போர் மூளாமலிருக்க அதுவே வழியென அவர் கருதினார். ஆயினும் விரும்பாதவரையும் வேரோடு பெயர்த்த அச்செயலை என் மனம் இன்றும் ஏற்க மறுக்கிறது.

1922இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசுப் பணத்தையும் துயர்துடைப்புப் பணிக்கே கொடுத்தார். ஆர்மீனிய அகதிகளுக்கு நிலம் தேடித் தரப் பல ஆண்டுகள் பாடுபட்டார். பணம் தர நாடுகள் முன்வராமையால், எண்ணியதில் சிறு பகுதியே நிறைவேறியது. விரும்பிய கடலாராய்ச்சிக்கு முழுமையாகத் திரும்பும் வாய்ப்பு வரவேயில்லை.

1930ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் தம் இல்லத்தில் அவர் காலமானார். நார்வேயின் தேசிய தினமான மே 17ஆம் நாள் இறுதிச் சடங்கு நடைபெற்றது. அவர் பெயரால் ஏற்பட்ட அகதிகள் அலுவலகம் எட்டாண்டுகளுக்குப் பின், 1938இல், அதே நோபல் பரிசைப் பெற்றது.