ராபர்ட் வைட்

ராபர்ட் வைட் (ஜூலை 6, 1796 – மே 26, 1872) ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் தாவரவியலாளரும் ஆவார். கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவப் பணியில் சேர்ந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைத் தென்னிந்தியாவில் கழித்தார். கொடைக்கானல் நகரம் உருவாவதற்கு முன்னரே பழனி மலையில் ஏறி, அதன் தாவரங்களை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர்.

இளமையும் தொடக்கப் பணியும்

வைட் ஸ்கொட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று 1818இல் பட்டம் பெற்றார். 1819இல் உதவி அறுவை மருத்துவராகச் சென்னை வந்தார். 1826இல் சென்னை மாகாண அரசின் இயற்கையியலாளராக நியமிக்கப்பட்டார். ஆனால் 1828இல் ஆளுநர் லஷிங்டன் அப்பதவியையே நீக்கினார். நாகப்பட்டினத்திற்குப் படைமுகாம் மருத்துவராக மாற்றப்பட்ட வைட், அங்கும் சொந்த முயற்சியில் தாவரங்களைத் திரட்டி வந்தார்.

1831இல் விடுப்பில் தாயகம் திரும்பியபோது, ஏறத்தாழ ஒரு இலட்சம் உலர்தாவர மாதிரிகளை உடன் கொண்டு சென்றார். அவற்றை அடிப்படையாகக் கொண்டு வாக்கர் ஆர்னட் என்பவருடன் இணைந்து எழுதிய இந்தியத் தீபகற்பத் தாவர நூலின் முதல் தொகுதி 1834இல் வெளியானது. அது லின்னேயசின் முறையை விடுத்து, தாவரங்களை இயற்கை முறையில் வகைப்படுத்தியது.

பழனி மலைப் பயணம்

வைட் 1836இல் பழனி மலைக்குச் சென்றார். 1821இல் வார்டு என்ற படை அதிகாரி இம்மலையை அளவாய்வு செய்திருந்தார். அமெரிக்கச் சமயப் பணியாளர்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியதோ 1845இல் தான். வராககிரி அல்லது பழனி மலைகள் பற்றிய வைட்டின் கட்டுரை, சென்னையில் வெளிவந்த இலக்கிய, அறிவியல் இதழில் 1837இல் அச்சாயிற்று.

பழனி மலையின் உச்சிப்பகுதி கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. வெப்பமான சமவெளிகளுக்கு நடுவே குளிர்ந்த நிலமாக இது தனித்து நிற்பதால், இத்தகைய மலைகளை அறிவியலாளர்கள் வானத் தீவுகள் என்று அழைக்கின்றனர். இங்கு புல்வெளிகளும் பள்ளங்களில் சோலைக்காடுகளும் மாறிமாறி அமைந்துள்ளன. குறிஞ்சி, காட்டுப்பூவரசு, வரையாடு ஆகியன இந்நிலத்திற்கு உரியவை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் வாழும் சோலைப் பறவைகள் சிலவும் தெற்கே பழனியில் வாழ்பவையும் வெவ்வேறு இனங்களாகப் பிரிந்துள்ளமைக்கு இத்தனிமையே காரணம்.

நூல்களும் ஓவியர்களும்

1838 முதல் 1853 வரை வைட் சென்னையில் வெளியிட்ட விளக்கப்பட நூல்கள் அவருக்குப் பெரும் புகழைத் தந்தன. ஆறு தொகுதிகள் கொண்ட இந்தியத் தாவரப் பட நூலில் மட்டும் 2,101 படங்கள் உள்ளன. அவை கல்லச்சில் அச்சிடப்பட்டன. இவ்வேலைக்கு உயிர்நாடியாக இருந்தவர்கள் இந்திய ஓவியர்களான ரங்கையா, கோவிந்து ஆகிய இருவர். அக்கால ஐரோப்பிய நூல்கள் பலவற்றில் இந்திய ஓவியர்களின் பெயர் இடம்பெறுவதில்லை. வைட் தம் படங்களில் இவர்களின் பெயர்களைப் பொறித்ததோடு, ஆர்க்கிட் பேரினம் ஒன்றுக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். அப்பேரினம் பின்னர் வேறொரு பேரினத்துடன் சேர்க்கப்பட்டுவிட்டதால் அப்பெயர் இன்று வழக்கில் இல்லை.

பருத்தி ஆய்வும் இறுதிக் காலமும்

1842 முதல் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிடும் அரசுத் திட்டத்தை வைட் மேற்பார்வையிட்டார். அத்திட்டம் அரசு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 1853இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1855இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். தம் தாவரத் தொகுப்பைக் கியூ தாவரவியல் பூங்காவிற்கு 1871இல் அளித்தார். மறு ஆண்டு ரெடிங் அருகே கிரேஸ்லியில் காலமானார்.

முக்கியத்துவம்

தென்னிந்தியத் தாவரங்கள் பலவற்றின் அறிவியற் பெயர்களில், பெயரிட்டவராக இன்றும் வைட் குறிக்கப்படுகிறார். அவருக்குப் பின் பழனி மலைப் புல்வெளிகளில் பெரும்பகுதி சீகை, தைலமரம், பைன் தோட்டங்களாக மாற்றப்பட்டது. எஞ்சிய பகுதிகளைக் காக்கும் நோக்கில் 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. எந்தச் செடி இம்மண்ணுக்கு உரியது, எது பின்னர் கொண்டுவரப்பட்டது என்பதைப் பிரித்தறிய, நகரமும் தோட்டங்களும் தோன்றுமுன் திரட்டப்பட்ட வைட்டின் மாதிரிகளும் படங்களும் உதவுகின்றன.