தசைக்குள் முளைத்த எலும்பு... யார் இந்த மார்ஷல் யூரிஸ்ட்?

1914-ல் சிகாகோவில் பிறந்தவர் மார்ஷல் யூரிஸ்ட். அமெரிக்காவின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர்.

எலும்பில் இருந்த சுண்ணாம்புச் சத்தை அமிலத்தில் கரைத்துவிட்டு, மிச்சத்தை விலங்குகளின் தசைக்குள் வைத்துப் பார்த்தார். எலும்பே இல்லாத இடத்துல புது எலும்பு முளைச்சது! 1965-ல் இது வெளியாகி மருத்துவ உலகை வியக்க வைத்தது. இதற்குக் காரணமான புரதத்துக்கு 1971-ல் 'பிஎம்பி' எனப் பெயர் வந்தது.

சிக்கல் என்ன?

தானமாக வரும் எலும்பில் கிருமி இருக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; கூடவே அந்தப் புரதமும் கெட்டுப்போகும். காமா கதிர் அளவு கூடினாலும் அதே கதைதான். அப்படிப்பட்ட எலும்பு, இடத்தை அடைத்து நிற்கும். ஆனா, புது எலும்பை வளர்க்கும் சக்தி குறைஞ்சிடும்.

2001-ல் யூரிஸ்ட் மறைந்தார். கிருமியைக் கொல்லணும், புரதத்தையும் காப்பாத்தணும். எலும்பு வங்கிகளுக்கு இன்றும் இதுதான் சவால்.