உடற்பயிற்சி ஆசான் பக் துரை

போர் வென்றோர் சரித்திரமும் அரசு புரிந்தோர் சரித்திரமும் ஏடுகளில் மலிந்து கிடக்கின்றன. சிறுவர் ஓடியாடும் வெளியையே தம் பணிக்களமாகக் கொண்டு, அங்கே பெரியோர் எவ்வாறு நடந்துகொள்ளுதல் வேண்டும் என்று காட்டிச் சென்றோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஹாரி குரோ பக் துரை. இந்திய நாட்டில் உடற்பயிற்சிக் கல்விக்குத் தந்தையென்று பலராலும் போற்றப்படும் இப்பெரியாரின் வாழ்க்கையைக் கல்லூரி மாணவர் யாவரும் அறிந்திருத்தல் நலமாம்.

பக் துரை 1884ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சார்ந்த பென்சில்வேனியாவில் பிறந்தார். வாலிபம் எய்திய பின்னர், ஸ்பிரிங்பீல்டு என்னும் நகரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் நடத்திய பயிற்சிக் கல்லூரியிற் கற்றுத் தேர்ந்தார். அக்கல்லூரி சாமானியமானதன்று. 1891ஆம் ஆண்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே சென்று ஆட வகையின்றிச் சலிப்புற்றிருந்த மாணவரின் மனநிலையை அறிந்து, கூடைப்பந்தாட்டத்தைப் புதிதாக வகுத்துக் கொடுத்தது அவ்விடத்திலேதான். மாணவனது உடலைப் பயிற்றப் புகுவோன் முதலில் அவன் மனத்தை அறிதல் வேண்டும் என்னும் உண்மை அக்கல்லூரியின் சுவர்களிலேயே ஊறியிருந்தது எனலாம்.

1919ஆம் ஆண்டில் பக் துரை நம் நாட்டிற்கு வந்து சென்னையில் தங்கினார். அக்காலத்தில் நம் பாடசாலைகளில் தேகப்பயிற்சி இருந்த நிலை இரங்கத்தக்கது. பட்டாளத்திலிருந்து விலகிய சிப்பாய்கள் பலர் டிரில் மாஸ்டர்களாக அமர்ந்திருந்தனர். கையில் பிரம்பும் வாயில் அதட்டலுமே அவர்களது போதனாமுறை. பிள்ளைகள் வரிசையாக நின்று, ஏவியபடி கைகளை உயர்த்தித் தாழ்த்திவிட்டு, மணி அடித்ததும் விடுதலை பெற்றவர் போல் ஓடினர். மற்றொரு புறம், பந்தாட்டத்திலோ கிரிக்கெட்டிலோ வல்ல பத்துப் பதினைந்து பேரை மட்டும் பொறுக்கியெடுத்துப் பள்ளியின் பெயருக்காகப் பந்தயங்களில் நிறுத்துவர்; எஞ்சிய நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பர்.

இவ்விரு குறைகளுக்கும் காரணம் பிள்ளைகள் அல்லர், அவர்களை நடத்தும் பெரியோரே என்பதைப் பக் துரை உணர்ந்தார். ஆதலின் வீரர்களைத் தேடாது, ஆசிரியர்களை உண்டாக்கத் தொடங்கினார். 1920ஆம் ஆண்டில் சென்னையில், விரல்விட்டு எண்ணத்தக்க மாணவரோடு, உடற்பயிற்சி ஆசிரியர்க்கென ஒரு பள்ளியை நிறுவினார். அது பின்னர் சைதாப்பேட்டையில் அடையாற்றின் கரையில் விசாலமான இடம் பெற்று, கல்லூரியாக ஓங்கி, இன்றும் நிலைபெற்று விளங்குகின்றது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இளைஞர் அங்கு வந்து பயின்று, தத்தம் ஊர்ப் பாடசாலைகளுக்குத் திரும்பினர். மேனாட்டு ஆட்டங்களோடு தண்டால், பஸ்கி, சடுகுடு முதலிய நம் நாட்டுப் பயிற்சிகளும் அங்கே இடம்பெற்றன. அவர் துணைவியார் மேரி பக் அம்மையாரும் அப்பணியிற் பங்கு கொண்டார்.

விளையாட்டு கல்வியின் ஓர் அங்கம். அது வல்லவர் சிலர்க்கன்றி மாணவர் எல்லார்க்கும் உரியது. அதனை நடத்துவோன் குணத்தாலும் அறிவாலும் மாணவர்க்கு வழிகாட்டியாய் இருத்தல் வேண்டும். இம்மூன்றுமே அவரது கொள்கையின் சாரம். சென்னை அரசாங்கத்தாரும் பள்ளிகளின் உடற்பயிற்சி விஷயத்தில் அவரது ஆலோசனையைப் பெற்றனர்.

இங்ஙனம் எல்லார்க்கும் விளையாட்டு என்று உழைத்தவரே, 1924ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்கு இந்திய வீரர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பையும் ஏற்றார். தடை தாண்டி ஓடுவதில் வல்லவரான சி. கே. லட்சுமணன் அக்குழுவில் ஒருவர். நம்மவர் அங்கே பதக்கம் ஒன்றும் பெறவில்லை. எனினும் அம்முயற்சி வீண்போகவில்லை. பக் துரையும் அவருடைய தோழர் நோரன் துரையும் மாகாணந்தோறும் விளையாட்டுச் சங்கங்கள் தோன்ற உழைத்தனர். 1927ஆம் ஆண்டில் தோராப்ஜி தாதா தலைமையில் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருப்பெற்றது. சிலர் வெல்வதற்காகப் பலரைக் கைவிடுதல் ஆகாது. பலர் ஆடும் நாட்டில் வெல்வோர் தாமே தோன்றுவர். இவ்விரு பணிகளையும் ஒருவரே செய்ததன் பொருள் இதுவெனக் கொள்ளலாம்.

கால் நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் நம்மிடையே உழைத்த பக் துரை, 1943ஆம் ஆண்டில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் மறைந்து நெடுங்காலம் சென்றபின், அவர் சென்ற வழி சரியானதே என்பதற்கு மனநூலார் சான்று கண்டனர். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்மித், ஸ்மால் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும், பேஸ்பால் ஆடும் சிறுவரின் பயிற்சியாளர் சிலர்க்கு, தவறியபோது ஊக்கமளித்தல், முயற்சியைப் பாராட்டுதல், அதட்டலை விடுதல் ஆகியவற்றைக் கற்பித்தனர். அதன் பயனை 1992ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கற்பிக்கப்பெறாத பயிற்சியாளரிடம் ஆடிய சிறுவருள் நூற்றுக்கு 26 பேர் அடுத்த ஆண்டு ஆட வரவில்லை. கற்பிக்கப்பெற்றோரிடம் ஆடியவருள் வாராதவர் நூற்றுக்கு 5 பேரே. இதில் வியத்தகு செய்தி ஒன்றுண்டு. இருதிறத்தாரும் பெற்ற வெற்றிகளில் வேற்றுமை இல்லை. ஆகவே சிறுவனை ஆடுகளத்தில் நிறுத்துவதும் அங்கிருந்து விரட்டுவதும் வெற்றி தோல்விகள் அல்ல. அருகே நிற்கும் பெரியோரின் சொல்லே.

நம் திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஆட இடமில்லை என்று ஒருவரும் சொல்லார். காவிரியும் கொள்ளிடமும் நீர் வற்றிய நாட்களில் விரித்து வைக்கும் மணற்பரப்பைப் போன்ற களம் எவ்வூர்க்கு வாய்க்கும்? அம்மணலில் எவரும் ஏவாமலே பிள்ளைகள் கட்சி பிரிந்து சடுகுடு ஆடுவர். தாமே விதி வகுத்துத் தாமே வழக்குத் தீர்ப்பர். தோற்றவன் மறுநாளும் முதலாளாக வந்து நிற்பான். அதே பிள்ளை, பெரியோர் நடத்தும் பந்தயத்தில் ஒருமுறை தோற்றானாயின், தந்தையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அஞ்சுகின்றான். ஆட்டம் ஒன்றே, அவனும் ஒருவனே. இடையில் வந்து சேர்ந்தது நம்முடைய ஆசையன்றோ? ஆட்டத்தால் பாடம் கெடும் என்று பிள்ளையை வீட்டில் அடைக்கும் பெற்றோரும், கோப்பை கொண்டு வராவிடில் ஆட்டமே வீண் என்று கடியும் பெற்றோரும் ஒரே பிழையையே இருவகையாகச் செய்கின்றனர். பிள்ளையின் மகிழ்ச்சிக்கு அவ்விருவர் கணக்கிலும் இடமில்லை.

மாணவ நண்பர்காள்! உங்களுள் பலர் நாளை ஆசிரியராவீர், பெற்றோராவீர். உங்கள் கண்முன் ஒரு சிறுவன் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டு, உங்கள் முகத்தை நோக்கி நிற்கும் காலம் வரும். அப்பொழுது நீவிர் சொல்லும் சொல், அவன் மறுநாள் களத்திற்கு வருவானா என்பதைத் தீர்மானிக்கும். அந்நேரத்தில் பக் துரையை நினைவு கூர்வீராக.