ஒரு நகரின் வரவும் செலவும் – ஜோசப் சேம்பர்லின்

தெருவில் விளக்கு எரிவதும் வீட்டுக் குழாயில் நீர் வருவதும் கழிவுநீர் ஊரைவிட்டு வெளியேறுவதும் இன்று நமக்கு இயல்பான செயல்களாகத் தோன்றுகின்றன. இப்பணிகளை நகராட்சியே நேரடியாக மேற்கொள்ள வேண்டுமா, தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கலாமா? மக்களின் வரிப்பணத்தை எதற்குச் செலவிடலாம், எதில் சேமிக்கலாம்? பணிசெய்வோர்க்கு எவ்வளவு ஊதியம் தருவது? மக்கள் கூடிவாழும் நகரங்கள் அனைத்திலும் இவ்வினாக்கள் எழுகின்றன. ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்னர், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இவற்றுக்குச் செயலால் விடை தேடியவர் ஜோசப் சேம்பர்லின். மூன்றாண்டுகளுக்கும் குறைவான காலமே அவர் அந்நகரின் மேயராகப் பணியாற்றினார். எனினும், உள்ளாட்சியின் வரலாற்றை எழுதுவோர் அவர் பெயரைத் தவிர்க்க இயலாது.

இளமையும் தொழிலும்

சேம்பர்லின் 1836ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் இலண்டனில் காம்பர்வெல் என்னும் பகுதியில் பிறந்தார். காலணி வணிகத்தில் வளம்பெற்ற குடும்பம் அவருடையது. பள்ளியில் சிறந்த மாணவராக விளங்கியபோதும், பதினாறாம் வயதில் படிப்பை நிறுத்திக் குடும்பத் தொழிலில் இறங்கினார். அவருடைய உறவினரான நெட்டில்ஃபோல்டு என்பவர் பர்மிங்காமில் திருகாணி செய்யும் தொழிலை நடத்திவந்தார். அமெரிக்காவில் உருவான புதிய எந்திரங்களை வாங்க அவருக்கு முதலீடு தேவைப்பட்டது. சேம்பர்லினின் தந்தை அம்முதலீட்டை வழங்கித் தம் பங்கைக் கவனிக்க மகனை அனுப்பிவைத்தார். 1854இல் பர்மிங்காமுக்கு வந்த அந்தப் பதினெட்டு வயது இளைஞர், அதன்பின் அந்நகரையே தம் ஊராக்கிக்கொண்டார்.

கணக்கேடுகளைக் கூர்ந்து பார்ப்பதிலும் வாங்கவும் விற்கவும் தக்க நேரம் அறிவதிலும் அவர் வல்லவரானார். இங்கிலாந்தில் செய்யப்பட்ட திருகாணிகளில் பெரும்பங்கு அவருடைய நிறுவனத்திலிருந்தே வெளிவரும் நிலை உருவாயிற்று. 38ஆம் வயதிலேயே பெருஞ்செல்வத்தோடு தொழிலிலிருந்து விலகினார். தொழில் கற்றுத்தந்த கணக்கறிவு பின்னாளில் நகரப் பணிக்குப் பயன்பட்டது.

சிக்கனத்தின் பெயரால்

அக்காலப் பர்மிங்காம் உலோகத் தொழிலால் உலகப் புகழ்பெற்ற நகரம். 1871இல் அதன் மக்கள்தொகை மூன்று இலட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. எனினும், நகரின் வளர்ச்சிக்கு ஏற்ப நகர்மன்றம் வளரவில்லை. 1838இல் தோன்றிய அம்மன்றம் 1850களில் ஜோசப் ஆல்டே என்பவரின் தலைமையில் இயங்கிய சிக்கனக் கட்சியினரின் செல்வாக்கிற்கு உட்பட்டது. நகரச் சிறையில் நிகழ்ந்த கொடுமைகளை வெளிக்கொணர்ந்தவர் ஆல்டே. ஆகவே, அவரைப் பொதுநலம் அற்றவர் என்று கூறிவிட இயலாது. ஆனால், வரியை உயர்த்தாமல் இருப்பதே நல்லாட்சி என்று அவர் அணியினர் நம்பினர். வரி செலுத்தியோருள் பெரும்பாலோர் சிறுகடைக்காரர்களும் சிறுதொழில் செய்வோரும் ஆவர். வரி சிறிது உயர்ந்தாலும் அவர்கள் வாழ்க்கை இடர்ப்படும் என்பது அவ்வணியினரின் வாதம்.

அதன் விளைவுகள் விரைவில் தெரிந்தன. வடிகால் பணிகள் தடைப்பட்டன. அனுபவம் மிக்க நகரப் பொறியாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, குறைந்த ஊதியத்தில் வேறொருவர் அமர்த்தப்பட்டார். ஏட்டில் செலவு குறைந்தது. ஆனால், ஏட்டில் ஏறாத செலவு ஒன்று இருந்தது. தேங்கிய கழிவுநீரும் மாசடைந்த கிணறுகளும் காய்ச்சலையும் சாவையும் பெருக்கின. அச்செலவை எளிய குடும்பங்களே செலுத்தின. சிக்கனம் வேறு, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது வேறு என்பதை அந்நகரம் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

பொதுவாழ்வில் நுழைவு

ஜார்ஜ் டாசன், ஆர். டபிள்யூ. டேல் போன்ற சமயச் சொற்பொழிவாளர்கள், நகரத்துக்குத் தொண்டு செய்வதும் அறமே என்னும் கருத்தைப் பர்மிங்காமில் பரப்பிவந்தனர். அவர்களுடைய சிந்தனை சேம்பர்லினை ஈர்த்தது. அவர் இரவு வகுப்புகளில் தொழிலாளர்க்குக் கற்பித்தார். அனைவர்க்கும் கல்வி வேண்டும் என்னும் இயக்கத்தில் முன்னணியில் நின்றார். 1869இல் நகர்மன்ற உறுப்பினராகி, 1873 நவம்பரில் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கல்வியும் தொழில்திறனும் உடையவர்கள் மன்றத்துக்கு வர வேண்டும், திறமையான அலுவலர்களைத் தக்க ஊதியம் கொடுத்து அமர்த்த வேண்டும் என்று அவர் கருதினார். மன்றத் தேர்தலைக் கட்சி அடிப்படையில் நடத்தும் வழக்கத்தை அவருடைய அணி வலுப்படுத்தியது. அதனைக் குறைகூறியோரும் அக்காலத்தில் பலர் இருந்தனர்.

எரிவாயு நகரின் உடைமையாதல்

மேயரானதும் சேம்பர்லின் முதலில் கையிலெடுத்தது எரிவாயுவை. நிலக்கரியிலிருந்து பெறப்பட்ட அவ்வாயுவே அக்காலத்தில் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் ஒளி தந்தது. அதனை இரு தனியார் நிறுவனங்கள் வழங்கின. இரண்டும் ஒரே நகரின் தெருக்களைத் தோண்டித் தத்தம் குழாய்களைப் பதித்தன. போட்டி இருந்தால் விலை குறையும் என்பது வணிக நியதி. ஆனால், ஒரு வீட்டுக்கு இரண்டு குழாய்களை யாரும் இணைத்துக்கொள்வதில்லை. நிலத்தடியில் குழாய் பதித்தவரே அத்தெருவின் விலையை முடிவு செய்பவராகிறார். எல்லார்க்கும் தேவையான ஒன்றில் போட்டிக்கு இடமில்லையென்றால், அதன் ஆதாயம் பங்குதாரர் சிலர்க்குச் செல்வதைவிட ஊர் முழுமைக்கும் வருவதே முறை என்பது அவரது முடிவு.

1874 ஜனவரியில் இரு நிறுவனங்களையும் வாங்கும் திட்டத்தை அவர் மன்றத்தின் முன் வைத்தார். விலை ஏறத்தாழ 20 இலட்சம் பவுண்டு. வரியை உயர்த்தவே அஞ்சிய ஊரில் இவ்வளவு பெரிய கடனா என்னும் திகைப்பு எழுந்தது. சேம்பர்லின் அதற்குக் கணக்கைக் கொண்டே விடையளித்தார். ஒரு நகராட்சியின் கடனுக்கு நகரின் வரி வருவாய் முழுவதும் பிணையாக நிற்கிறது. ஆகவே, அதற்குக் குறைந்த வட்டியில் பணம் கிடைக்கும். நிறுவனங்களோ தம் பங்குதாரர்க்கு அதைவிட உயர்ந்த ஆதாயம் தர வேண்டியிருந்தது. மேலும், இரண்டு நிர்வாகங்கள் ஒன்றானால் வீண்செலவும் குறையும். வட்டியும் தவணையும் போக எஞ்சுவது நகரின் வருவாய்.

மன்றம் மிகப் பெரும்பான்மையோடு திட்டத்தை ஏற்றது. 1875இல் நாடாளுமன்றம் அதற்குச் சட்ட ஒப்புதல் வழங்கியது. முதலாண்டிலேயே 34,000 பவுண்டு இலாபம் கிடைத்தது. காலப்போக்கில் எரிவாயுவின் விலையும் குறைந்தது. அத்துறையின் வருவாயைத் துணையாகக் கொண்டு எழுந்த கட்டடத்தில், 1885இல் நகரின் அருங்காட்சியகமும் கலைக்கூடமும் திறக்கப்பட்டன.

இலாபம் வேண்டாத நீர்

அடுத்து அவர் குடிநீரின் பக்கம் திரும்பினார். நகர மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் கிணற்று நீரையே நம்பியிருந்தனர். அக்கிணறுகள் பலவற்றில் கழிவுநீர் கசிந்து கலந்தது. தனியார் நிறுவனம் ஒன்று குழாய்வழி நீர் வழங்கியபோதும், அதுவும் வாரத்தில் சில நாள்களே வந்தது. மற்ற நாள்களில் மக்கள் மாசடைந்த கிணற்றையோ நீர் விற்போரையோ நாட வேண்டியிருந்தது.

நிறுவனத்தின் எதிர்ப்பைக் கடந்து, 13,50,000 பவுண்டு விலையில் நீர்வழங்கும் பணியை நகர்மன்றம் பெற்றது. 1876ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது நகரின் உடைமையாயிற்று. இதில் சேம்பர்லின் வகுத்த நெறி குறிப்பிடத்தக்கது. எரிவாயுவில் இலாபம் ஈட்டலாம்; நீரில் இலாபம் ஈட்டுதல் கூடாது. வாயுவை மிகுதியாகப் பயன்படுத்துவோர் வசதியுடையோர். நீரோ ஏழைக்கும் செல்வர்க்கும் ஒருபோல உயிர்த்தேவை. நீரில் வரும் ஆதாயத்தைப் பணப்பெட்டியில் தேடலாகாது, மக்களின் உடல்நலத்தில் காண வேண்டும் என்பதை நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் எடுத்துரைத்தார். இரண்டையும் பொதுவுடைமையாக்கியவர் இரண்டுக்கும் ஒரே கணக்கு எழுதவில்லை. எதனால் வருவாய் பெறலாம், எதற்குச் செலவு செய்தே தீர வேண்டும் என்று பிரித்தறிந்ததே அவரது நிர்வாகத்தின் சிறப்பு.

துயரின் நடுவே பணி

இவ்வெற்றிகள் நிகழ்ந்த காலம் அவர் வாழ்வின் துயர்மிகுந்த காலமும் ஆகும். முதல் மனைவி ஹாரியட் 1863இல் மகப்பேற்றின்போது இறந்தார். இரண்டாம் மனைவி ஃப்ளோரன்சும் 1875 பிப்ரவரியில் அவ்வாறே மறைந்தார். எரிவாயு, நீர் ஆகியவற்றுக்கான சட்ட முயற்சிகள் நடைபெற்ற ஆண்டு அது. மனமுடைந்த சேம்பர்லின் மேயர் பதவியைத் துறக்க முன்வந்தார். மன்றம் அதனை ஏற்கவில்லை. ஆறு குழந்தைகளின் தந்தையான அவர், துயரை உள்ளடக்கிக்கொண்டு மீண்டும் பணிக்குத் திரும்பினார்.

புதிய வீதியும் பழைய குடிகளும்

தொழிலாளர் குடியிருப்புகளைச் சீரமைக்க 1875இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதனைப் பயன்படுத்தி, நகரின் நடுவே நெருக்கமாகவும் நோய்ப்புலமாகவும் இருந்த 40 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை நகர்மன்றம் வாங்கியது. சேம்பர்லின் தம் சொந்தப் பணத்திலிருந்து 10,000 பவுண்டு அளித்து அப்பணிக்குத் துணைநின்றார். பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. கார்ப்பரேஷன் வீதி என்னும் அகன்ற கடைவீதி எழுந்தது. நிலத்தை விற்றுவிடாமல் 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டதால், பின்னாளில் அதன் உயர்ந்த மதிப்பு நகருக்கே கிடைத்தது.

அப்பகுதியில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 53 ஆக இருந்த இறப்பு விகிதம், சில ஆண்டுகளில் 21 ஆகக் குறைந்தது. ஆனால், இக்கணக்கைக் கவனமாகப் படிக்க வேண்டும். அங்கு முன்பு வாழ்ந்த ஏழைகளுள் பலர் வேறிடங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். வீடிழந்தோர்க்கு மாற்று வீடுகளை நகர்மன்றம் போதிய அளவு கட்டித்தரவில்லை. வீதி அழகுபெற்றது, அவ்விடத்தில் வாழ்ந்தவர்களோ மற்றொரு நெருக்கமான சந்துக்குச் சென்றனர். வரவையும் செலவையும் நுணுக்கமாகக் கணித்தவரின் ஏட்டில் இம்மக்களுக்குரிய பக்கம் நிரம்பாமலே நின்றது. இக்குறையை அக்காலத்தவரும் சுட்டிக்காட்டினர்.

பிற்கால வாழ்வு

1876இல் சேம்பர்லின் நாடாளுமன்ற உறுப்பினராகி, மேயர் பதவியிலிருந்து விலகினார். 1895 முதல் 1903 வரை குடியேற்றநாடுகளின் அமைச்சராக இருந்தார். தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த போயர் போரில் அவருக்கிருந்த பங்கு கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. சொந்த நகரின் எளியோர்க்கு நீரும் ஒளியும் தேடியவர், கடல்கடந்த நிலங்களில் பேரரசின் ஆதிக்கத்தை விரிவாக்க முனைந்தது அவர் வாழ்வின் முரண். 1900இல் தோன்றிய பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர் அவரே. 1906இல் பக்கவாதத்தால் தாக்கப்பட்டுச் செயலிழந்த அவர், 1914 ஜூலை 2ஆம் நாள் மறைந்தார். அவருடைய மகன்களுள் ஆஸ்டின் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். நெவில் பிரித்தானியாவின் தலைமை அமைச்சரானார்.

நகரத்தின் நன்றி

சேம்பர்லினின் நகர்த்தொண்டைப் போற்றி, 1880இல் பர்மிங்காம் நகரின் நடுவே நினைவுச்சின்னம் ஒன்று எழுப்பப்பட்டது. அது ஒரு நீரூற்று. அவர் தொடங்கிய பணியைப் பின்வந்தோர் வளர்த்தனர். வேல்ஸ் நாட்டின் ஏலான் பள்ளத்தாக்கில் அணைகள் கட்டி, ஏறத்தாழ 117 கிலோமீட்டர் தொலைவு நீரைக் கொண்டுவரும் திட்டம் 1904இல் தொடங்கிவைக்கப்பட்டது.

பணிகளை மன்றமே ஏற்பதா, பிறரிடம் விடுவதா என்னும் வினாவுக்கு எக்காலத்துக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஒவ்வொரு செலவும் யாரைக் காக்கிறது, ஒவ்வொரு சேமிப்பின் சுமையும் யார்மேல் விழுகிறது, வரும் ஆதாயம் யாரைச் சேர்கிறது என்பவற்றை ஆராய்ந்தே முடிவெடுக்க வேண்டும். சேம்பர்லினின் வெற்றிகள் இதனை உணர்த்துகின்றன. கார்ப்பரேஷன் வீதியிலிருந்து பெயர்ந்துசென்ற குடும்பங்கள் இதனை இன்னும் அழுத்தமாக உணர்த்துகின்றன.