காந்தியடிகளும் உணவு நோன்பும்

உணவில் ஒழுங்கு வேண்டும் என்பதை மறுப்பார் எவரும் இலர். பொழுது சாயுமுன் உண்ணல், அளவறிந்து உண்ணல், விலக்க வேண்டியவற்றை விலக்கல் ஆகியவை நம் இல்லங்களில் குழந்தைப் பருவத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. எனினும் பணிக்குச் செல்லும் மக்களும் மருமக்களும் கூறும் தடை ஒன்றுண்டு. அலுவலகம் முடிந்து பேருந்து பிடித்து வீடு வந்து சேர இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. இந்நிலையில் நோன்பைக் காப்பது எங்ஙனம் என்று அவர்கள் கேட்கின்றனர். இது புறக்கணிக்கத் தக்க வினாவன்று. இதற்கு விடை தேடும்போது காந்தியடிகளின் வாழ்வு நினைவுக்கு வருகிறது. அவர் காட்டில் தனித்திருந்த துறவியல்லர். வழக்கறிஞராகவும் பத்திரிகையாசிரியராகவும் நாட்டின் தலைவராகவும் ஓயாது உழைத்தவர். அத்தகையவர் தம் உணவு நோன்பை எவ்வாறு காத்தார் என்பதைக் காண்போம்.

தாய் இட்ட வித்து

காந்தியடிகள் 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். தந்தையார் கரம்சந்த் காந்தி சமஸ்தானத்தின் திவானாக விளங்கியவர். அன்னையார் புத்லிபாய் நோன்பிற் சிறந்தவர். வைணவக் குடும்பமாயினும் சமணத் துறவியர் அவ்வில்லத்திற்கு வந்து உணவு ஏற்பதுண்டு. ஒரு சாதுர்மாசத்தின்போது, கதிரவனைக் காணாமல் உண்பதில்லை என்று அன்னையார் நோன்பு பூண்டார். மழைக்காலத்தில் கதிரவன் எளிதில் முகம் காட்டுவானா? குழந்தைகள் வானத்தையே நோக்கி நிற்பர். கதிரவனைக் கண்டதும் ஓடிச் சென்று தாயிடம் கூறுவர். அவர் வெளியே வருவதற்குள் மேகம் மூடிவிடும். அவரோ சிறிதும் வருந்தாமல் முகமலர்ச்சியோடு தம் வேலையைக் கவனிக்கத் திரும்பிவிடுவார். நோன்பை முகம் சுளிக்காமல் காத்த அத்தாயே காந்தியடிகளுக்கு முதல் ஆசிரியர் ஆவார்.

இளமையில் தீய நட்பினால் அவர் மறைவாகப் புலால் உண்டதும், பெற்றோரிடம் பொய் கூற நேர்வதை எண்ணி மனம் நொந்து அதனை விட்டதும் யாவரும் அறிந்ததே. 1888ஆம் ஆண்டில் சட்டம் பயில இலண்டனுக்குச் செல்ல அவர் விரும்பியபோது அன்னையார் அஞ்சினார். அக்குடும்பத்திற்கு அறிவுரை கூறிவந்தவர் பேச்சர்ஜி சுவாமி என்னும் சமண முனிவர். மது, மாது, மாமிசம் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்னும் உறுதியை அம்முனிவரே இளைஞருக்கு ஏற்பித்தார். அதன் பின்னரே தாயின் இசைவு கிட்டியது.

இலண்டனில் நேர்ந்த சோதனை

இலண்டனில் தொடக்க நாட்கள் துன்பமானவை. உப்பும் காரமும் இல்லாத காய்கறிகளை உண்ண முடியவில்லை. ரொட்டியை மேலும் கேட்க நாணம் தடுத்தது. எழுத்தறியாத தாயின் முன் செய்த உறுதி செல்லாது என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். அவ்வாதங்களுக்கு விடை கூற அவ்விளைஞருக்குத் தெரியவில்லை. ஆயினும் உறுதியை மாற்ற இயலாது என்று மட்டும் கூறிவிட்டார். நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து சைவ உணவு விடுதியைத் தேடினார். ஃபாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டார். அவ்விடத்திலேயே ஹென்றி சால்ட் என்பவர் சைவ உணவை ஆதரித்து எழுதிய நூலையும் வாங்கிப் படித்தார். அதுவரை தாய்க்காகக் காத்த நோன்பை அன்று முதல் தம் அறிவும் ஏற்கக் காத்தார்.

முட்டை பற்றிய ஐயம் ஒன்று அப்போது எழுந்தது. மாமிசம் என்னும் சொல்லுக்கு ஆங்கிலேய சைவ உணவாளர்கள் மூவகையாகப் பொருள் கூறினர். அவற்றுள் ஒன்றைக் கொண்டால் முட்டைக்குத் தடை இல்லை. காந்தியடிகளோ தமக்கு உறுதி ஏற்பித்த தாய் எப்பொருளில் அச்சொல்லைக் கொண்டார் என்று எண்ணிப் பார்த்தார். தாயின் கருத்தில் முட்டையும் மாமிசத்துள் அடங்கும். ஆகவே முட்டையையும், முட்டை கலந்த இனிப்புகளையும் விட்டார். விடுதிகளில் ஒவ்வொரு பண்டத்திலும் என்ன கலந்துள்ளது என்று கேட்டறியும் தொல்லை இதனால் நேர்ந்தது. அத்தொல்லையை அவர் பொறுத்துக்கொண்டார்.

பின்னர் ஓர் அறையை அமர்த்திக்கொண்டு காலை உணவைத் தாமே சமைத்தார். ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் ஆயத்தம் செய்ய இருபது நிமிடங்களே ஆயின. இரவுக்கு ரொட்டியும் கோகோவும் போதுமாயின. நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் செலவில் உணவு முடிந்தது. தேர்வுக்குக் கடுமையாகப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. எளிய உணவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்பதை அம்மாணவர் தம் அனுபவத்தில் கண்டார்.

1891ஆம் ஆண்டு தாயகம் திரும்பியதும் பம்பாயில் ஸ்ரீமத் ராஜசந்திரரைச் சந்தித்தார். வைரமும் முத்தும் வாணிகம் செய்த அச்சமணப் பெரியார், கொடுக்கல் வாங்கல் முடிந்த மறுகணமே சமய நூலைக் கையில் எடுப்பவர். பெரும் பணியின் நடுவிலும் உள்ளம் சிதறாமல் வாழ இயலும் என்பதற்கு அவரே காந்தியடிகளுக்குச் சான்றாக நின்றார்.

சிறையில் கற்ற பாடம்

இரவு உண்ணாமை நமக்கு மரபுவழி வந்தது. காந்தியடிகள் அதனைச் சிறைச்சாலையில் கற்றார் என்பது வியப்புக்குரியது. 1908ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் அவர் முதன்முறை சிறை சென்றார். கைதிகள் கதிரவன் மறையுமுன் கடைசி உணவை முடித்துவிட வேண்டும் என்பது அங்கு விதி. இந்தியக் கைதிகளுக்குத் தேநீர் கிடையாது. பிறர் வற்புறுத்தலால் வந்த இவ்விதிகள், தாமே விரும்பி ஏற்கத்தக்க நல்ல ஒழுக்கங்கள் என்று அவர் உணர்ந்தார். விடுதலைக்குப் பின்னர் இரண்டையும் தாமே மேற்கொண்டார்.

அக்காலத்தில் அன்னை கஸ்தூரிபா கடுமையாக நோயுற்றார். டர்பனில் அறுவை நடந்த பின்னர், மாட்டிறைச்சிச் சாறு கொடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். உயிர் போயினும் அதனைத் தொடேன் என்று அன்னையார் மறுத்துவிட்டார். மெலிந்த நிலையிலேயே அவரைக் காந்தியடிகள் ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு அழைத்துச் சென்றார். பின்னர் நோய் மீண்டும் தோன்றியபோது உப்பையும் பருப்பையும் விடுமாறு காந்தியடிகள் மன்றாடினார். உங்களாலேயே இவற்றை விட முடியாதே என்று அன்னையார் கூறினார். அடுத்த கணமே, ஓராண்டுக்குத் தாம் இரண்டையும் விட்டதாகக் காந்தியடிகள் அறிவித்தார். அன்னையார் கலங்கி, தாமும் விடுவதாகவும், அவர் தம் உறுதியைத் திரும்பப் பெற வேண்டும் எனவும் வேண்டினார். பூண்ட நோன்பைத் திரும்பப் பெறுவதற்கில்லை என்று காந்தியடிகள் கூறிவிட்டார். நம் ஆகமங்கள் கூறும் இரசப் பரித்தியாகத்தில் உப்பும் ஒன்றன்றோ! இல்லத்தில் ஒருவர் மட்டும் நோற்பது கடினம். துணையாக மற்றொருவரும் நோற்றால் அது எளிதாகும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஐந்தே பொருள்கள்

1915ஆம் ஆண்டு சனவரியில் காந்தியடிகள் இந்தியா திரும்பினார். அப்போது அவர் பழமும் கொட்டைகளுமே உண்பவர். கல்கத்தாவில் அவர் தங்கிய பூபேந்திரநாத் பாசுவின் இல்லத்தில், அவருக்காகக் கொட்டைகளைத் தோலுரிக்க அவ்வீட்டுப் பெண்கள் இரவெல்லாம் கண்விழித்தனர். இரங்கூனிலும் இவ்வாறே பல்வகைப் பண்டங்கள் பரிமாறப்பட்டன. இரவு உணவு எட்டு ஒன்பது மணிக்கு முன் முடிவதில்லை. எளிய உணவை நாடிய தம்மால் பிறருக்கு இத்துணைத் தொல்லையா என்று அவர் வருந்தினார்.

அவ்வாண்டு அரித்துவாரத்தில் கும்பமேளா நடந்தபோது இரண்டு நோன்புகளைப் பூண்டார். இந்தியாவில் இருக்கும்போது ஒரு நாளில் ஐந்து பொருள்களுக்கு மேல் உண்பதில்லை என்பது ஒன்று. இருட்டிய பின் உண்பதில்லை என்பது மற்றொன்று. நம் சாவக ஒழுக்கத்தில் போகோபபோக பரிமாணம் என்று கூறப்படுவதற்கு மிக நெருங்கியது இது. அவர் இதனை உணர்ச்சி வேகத்தில் ஏற்கவில்லை. நோயுற்றால் என்ன செய்வது, மருந்தும் ஐந்தில் ஒன்றாகுமா என்றெல்லாம் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தார். எதற்கும் விலக்கு இல்லை என்று முடிவு செய்த பின்னரே நோன்பு பூண்டார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் தம் வரலாற்றை எழுதியபோது, இந்நோன்புகள் தம்மைக் கடுமையாகச் சோதித்தன என்றும், எனினும் பல நோய்களிலிருந்து தம்மைக் காத்தன என்றும் அவர் பதிவு செய்தார்.

ஆட்டுப்பால் தந்த வேதனை

காந்தியடிகள் எப்போதும் வென்றவர் என்று எண்ணுதல் தவறு. 1918ஆம் ஆண்டு கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக அலைந்த காலத்தில் அவர் உடல் தளர்ந்திருந்தது. ஒரு பண்டிகை நாளில் அன்னை கஸ்தூரிபா ஆக்கிய இனிய கோதுமைக் கஞ்சியையும் பயற்றையும் நாவின் விருப்பத்திற்கு இணங்கி உண்டுவிட்டார். வயிற்றுக்கடுப்பு அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டு சென்றது. பால் அருந்தினாலன்றி உடல் தேறாது என்றார் மருத்துவர். பால் மனவெழுச்சியைத் தூண்டும் என்று இராஜசந்திரரிடம் கேட்டறிந்தும், கறவை மாடுகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைப் படித்தறிந்தும், 1912ஆம் ஆண்டில் பாலை விட்டவர் அவர். பசுவும் எருமையும் தானே நினைவில் இருந்தன, ஆட்டுப்பால் அருந்தலாமே என்றார் கஸ்தூரிபா. பணி செய்ய வாழவேண்டும் என்னும் ஆவலால் காந்தியடிகள் இணங்கினார். சொல் காக்கப்பட்டது, கருத்துச் சிதைந்தது என்று பின்னர் பலகாலும் வருந்தினார். இலண்டனில் தாயின் கருத்தையே பொருளாகக் கொண்டவருக்கு இவ்வேதனை எத்துணை ஆழமாக இருந்திருக்கும்! எனினும் ஓரிடத்தில் தளர்ந்தமையால் ஏனைய நோன்புகளை அவர் கைவிடவில்லை. இது நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

பயணத்திலும் சிறையிலும்

1930ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், அறுபது வயதில், ஏறத்தாழ 240 மைல் தொலைவுள்ள தண்டி நடைப்பயணத்தைத் தொடங்கினார். வழியிலுள்ள ஊர்கள் மிக எளிய உணவையே அளிக்க வேண்டும் என்று முன்னரே எழுதி அறிவித்தார். ஆயினும் சூரத்திலிருந்து லாரியில் காய்கறிகள் வருவதை அறிந்ததும், பட்காம் என்னும் ஊரில் பொதுக்கூட்டத்திலேயே தம்மையும் தம் தோழர்களையும் கடிந்துகொண்டார்.

1942ஆம் ஆண்டு ஆகாகான் மாளிகைச் சிறையில் உடல்நலம் பற்றிய நூல் ஒன்றை எழுதினார். உணவை மருந்துபோல் அளவோடு கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. அமர்ந்து பணிபுரிவோர்க்கு ஒரு நாள் உணவையும் அதில் வரையறுத்தார். பசும்பால் 2 ராத்தல், தானியம் 6 அவுன்சு, கீரை 3 அவுன்சு, பிற காய்கள் 5 அவுன்சு, பச்சைக் காய் 1 அவுன்சு, நெய் ஒன்றரை அவுன்சு, வெல்லம் ஒன்றரை அவுன்சு என்பது அப்பட்டியல். 6 அவுன்சு என்பது இன்றைய அளவில் சுமார் 170 கிராம். நம் வீடுகளில் மூன்று வேளைக்கும் ஆகும் அரிசியையும் கோதுமையையும் ஒரு நாள் நிறுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

1948ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் தில்லியில் சர்தார் பட்டேலுடன் அவர் உரையாடிக்கொண்டிருந்தார். நாட்டின் ஆட்சியைப் பற்றிய கவலைமிக்க பேச்சு அது. மாலை நான்கரை மணிக்கு ஆட்டுப்பாலும் காய்களும் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவரப்பட்டன. பேச்சை நிறுத்தாமலேயே அவர் உண்டு முடித்தார். சிறிது நேரத்தில் வழிபாட்டுக்குச் செல்லும் வழியில் சுடப்பட்டு உயிர் நீத்தார். இறுதி நாளிலும் கதிரவன் மறையுமுன் அவர் உணவு முடிந்திருந்தது.

நாம் செய்யத் தக்கது

காந்தியடிகள் ஒவ்வொரு நாளும் ஊக்கம் பிறக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. என்ன உண்பது, எப்போது உண்பது என்பதை ஒருமுறை ஆராய்ந்து முடிவு செய்தார். பின்னர் அதனைப் பற்றி நாள்தோறும் மனத்தோடு வழக்காடவில்லை. நம் வீட்டு இளைஞர்களும் இவ்வாறு செய்யலாம். இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புவோர் மாலை உணவைக் கையோடு எடுத்துச் சென்று, ஐந்தரை மணிக்கு அலுவலகத்திலேயே பத்து நிமிடத்தில் உண்டு முடிக்கலாம். தொடக்கத்தில் வாரத்தில் இரு நாட்கள், பின்னர் சாதுர்மாசம் முழுதும் என்று எல்லை வகுத்துக்கொள்ளலாம். நோயும் பயணமும் விருந்தும் குறுக்கிடும் என்பதை நோன்பு பூணுமுன்பே எண்ணிப் பார்க்க வேண்டும். மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்டே நேரத்தை வகுத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலுள்ளோரும் தொலைக்காட்சியின் முன் ஒன்பது மணிக்கு உண்பதை விடுத்து, உழைத்து வருவோரின் நோன்புக்குத் துணை நிற்றல் வேண்டும்.

நம் முன்னோர் நமக்கு அளித்த ஒழுக்கத்தை, வேறு சமயத்திற் பிறந்த ஒருவர் தாயிடமும் சிறையிலும் கற்று இறுதிவரை காத்தார். பிறப்பிலேயே அதனைப் பெற்ற நாம், காலம் இல்லை என்று கூறி அதனை நழுவ விடாமல், நம்மால் இயன்ற எல்லையில் இன்றே தொடங்குவோமாக.