நாடகத்துக்கு நூல் செய்த நம் தமிழாசிரியர்

மலர்க் குழுவினர் இந்த முறை என்னிடம் கேட்டது கல்லூரி நாடகங்களைப் பற்றி ஒரு கட்டுரை. ஹால் டே நாடகங்கள், ராத்திரி பன்னிரண்டு மணி ரிகர்சல், மேடையிலேயே கழன்று விழுந்த ஒட்டு மீசை என்று எழுத நிறைய இருக்கிறது. ஆனால் அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடிய நண்பர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். நான் நமக்கெல்லாம் முன்னால் இந்தக் கல்லூரியில் நாடகத்தை நெஞ்சில் சுமந்த ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று உத்தேசித்தேன். வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார். பரிதிமாற் கலைஞர் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

தெரியும் என்றால் எவ்வளவு தெரியும்? வடமொழிப் பெயரைத் தமிழாக்கிக் கொண்டவர், தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர். பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்விக்குப் படித்த அளவு அது. அவர் நம் கல்லூரியில் படித்து, இங்கேயே பாடம் சொல்லி, இங்கே வேலையில் இருக்கும்போதே 33 வயதில் காலமானவர் என்பது நம் மாணவர்களிலேயே பலருக்குத் தெரியாது. நாடகம் எழுதி, வேஷம் கட்டி நடித்து, அதற்கு ஓர் இலக்கண நூலும் செய்தவர் என்பது இன்னும் குறைவான பேருக்குத்தான் தெரியும்.

நான் இப்போது குடியிருப்பது சென்னைப் பெருங்குடியில். மதுரையிலும் ஒரு பெருங்குடி உண்டு, விமான நிலையம் போகிற வழியில். அங்கிருந்து அதிக தூரமில்லை, திருப்பரங்குன்றத்தை ஒட்டிய விளாச்சேரி. கொலு பொம்மைக்கும் களிமண் பிள்ளையாருக்கும் பேர்போன ஊர். அந்த ஊரில்தான் 1870 ஜூலை 6-ஆம் தேதி கோவிந்த சிவன், இலட்சுமி அம்மாள் தம்பதியருக்கு அவர் பிறந்தார். வடமொழியைத் தகப்பனாரிடம் கற்றார். தமிழை மதுரையில் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் முறையாகப் பாடம் கேட்டார். இரண்டு மொழியிலும் பலமான அஸ்திவாரத்தோடு பட்டப்படிப்புக்குச் சென்னை வந்தார்.

இன்றைய மாணவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு நம் கல்லூரி தாம்பரத்தில் இல்லை. மான்களும் மரங்களும் நிறைந்த இந்த வளாகத்துக்கு நாம் வந்தது 1937-ல். அதற்கு முன்னால் 1837-ல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியாக இருந்து, கல்லூரியாக வளர்ந்ததெல்லாம் ஜார்ஜ் டவுனில்தான். பெருங்குடியில் பறக்கும் ரயில் ஏறினால் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கிப் பொடிநடையாகப் போய்விடலாம். ஆண்டர்சன் பெயரில் சர்ச் இன்றும் நிற்கிறது. எதிர்ப்பக்கம் ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்கள். அந்தக் கட்டிடம் திறக்கப்பட்டது 1892-ல். அதே சமயத்தில்தான் நம்மவரும் பி.ஏ. முடித்தார். தமிழிலும் தத்துவத்திலும் மாகாணத்திலேயே முதலாவதாக வந்து, பாஸ்கர சேதுபதி மன்னரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றார்.

அப்போது பிரின்சிபால் டாக்டர் வில்லியம் மில்லர். நம் நூலகத்துக்குப் பெயர் தந்தவர். ஷேக்ஸ்பியரில் தோய்ந்தவர். லியர் மன்னனையும் மாக்பெத்தையும் பற்றித் தனித்தனியே புத்தகம் எழுதினவர். அவருக்கும் நம்மவருக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. டென்னிசனின் கவிதையில் ஆர்தர் மன்னனைச் சுமந்து செல்லும் ஓடத்துக்கு அன்னத்தை உவமை சொல்லியிருப்பதை மில்லர் வியந்து சொல்லி, இப்படி உங்கள் தமிழில் உண்டா என்று கேட்டாராம். நம்மவர் உடனே கம்பராமாயணத்திலிருந்து, குகன் ஓட்டும் ஓடம் அன்னம் போல நகரும் பாட்டை எடுத்துச் சொன்னாராம். டென்னிசனுக்குப் பல நூறு வருஷம் முந்திய பாட்டு. மில்லர் அசந்துபோனார் என்று கதை முடிகிறது.

கதை எப்படியோ, அடுத்து நடந்தது முக்கியம். தத்துவத் துறையில் ஆசிரியர் வேலை அவருக்குக் கிடைப்பதாக இருந்தது. அவர் அதை விட்டுத் தமிழாசிரியர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இது 1893-ல். இதன் கனம் இன்றைக்குப் புரிவது கஷ்டம். அந்தக் காலத்துக் கல்லூரிகளில் தமிழ்ப் பண்டிதர் என்றால் சம்பளத்திலும் மரியாதையிலும் கடைசி வரிசை. தமிழ் வகுப்பு என்றால் பையன்கள் தூங்குகிற, கேலி பேசுகிற நேரம். தத்துவத்தில் முதலாவதாக வந்த பட்டதாரி ஒருவர் வலியப்போய் அந்த வரிசையில் நிற்பதென்றால் வீட்டிலும் வெளியிலும் என்ன பேசியிருப்பார்கள்! எங்கள் தலைமுறையிலேயே தமிழ் எம்.ஏ. படிக்கிறேன் என்று சொன்னவனை உறவுக்காரர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

அவர் வகுப்புக்குப் பிற வகுப்பு மாணவர்களும் வந்து கேட்டுப் போவார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆர்வமுள்ளவர்களைப் பொறுக்கி எடுத்து, வீட்டுக்கு வரச்சொல்லி, இலக்கண இலக்கியங்களைத் தனியே கற்பித்தார். அவர்களுக்கு இயற்றமிழ் மாணவர் என்று பெயர். இரண்டே வருஷத்தில் தலைமைத் தமிழாசிரியராகவும் உயர்ந்தார். அவருடைய புலமையைப் பார்த்துச் சி.வை. தாமோதரம் பிள்ளை திராவிட சாஸ்திரி என்று பட்டம் தந்தார். பிள்ளையவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி, பழைய ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தவர். லேசில் யாருக்கும் பட்டம் தருகிறவர் இல்லை.

இனி நாடகத்துக்கு வருவோம். 1890-களில் சென்னையில் நாடகம் இருந்த நிலை என்ன? ஒரு பக்கம் தெருக்கூத்தும், ஊர் ஊராகப் போகும் கம்பெனிகளும். அவற்றில் நடிப்பவர்களைக் கூத்தாடி என்று வீட்டுத் திண்ணையில்கூட உட்கார வைக்கமாட்டார்கள். இன்னொரு பக்கம் 1891-ல் இரண்டு காரியம் நடந்தது. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அச்சேறியது. சென்னையில் கல்லூரி மாணவராக இருந்த பம்மல் சம்பந்தம், சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஒன்று படிக்கிற நாடகம், மற்றது படித்தவர்கள் நடிக்கிற நாடகம். கம்பெனிப் பக்கத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் இளைஞர்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு கல்லூரித் தமிழாசிரியர் நாடகத்தில் கைவைக்கிறார். ரூபாவதி அல்லது காணாமற்போன மகள் என்று ஒன்று, கலாவதி என்று ஒன்று. இரண்டும் உரைநடையும் செய்யுளும் கலந்தவை. அங்கம், களம் என்ற ஷேக்ஸ்பியர் பாணி அமைப்பும், வடமொழி நாடக மரபும், தமிழ் யாப்பும் அவற்றில் சேர்ந்து கிடக்கின்றன. அவர் எழுதியதோடு நிற்கவில்லை. இந்த இரண்டு நாடகங்களிலும் பெண் வேடம் ஏற்று நடித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இதைப் படித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் ஹால் டே நாடகத்தில் எனக்கு வாய்த்தது அம்மா வேஷம். அடுத்த நாள் மெஸ்ஸில் ஆரம்பித்து கான்வொகேஷன் வரைக்கும் என்னை அம்மா என்றே கூப்பிட்டார்கள். மாணவனுக்கே அந்தக் கதி. ஆசாரமான குடும்பத்தில் பிறந்த, மிஷன் கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியராக உள்ள ஒருவர் சேலை கட்டி மேடை ஏறியிருக்கிறார். மறுநாள் காலையில் அதே மாணவர்கள் முன்னால் நின்று நன்னூல் நடத்த வேண்டும். நாடகம் கேவலமில்லை என்று அவர் பிரசங்கம் பண்ணத் தேவையே இருந்திருக்காது.

1892-ல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு அச்சிட்டார். அந்த உரையில் பழைய நாடகத் தமிழ் நூல்கள் சிலவற்றின் பெயர் வருகிறது. பெயர்தான் மிச்சம். இயல், இசை, நாடகம் என்று முத்தமிழ் பேசுகிற நமக்கு, மூன்றாவது தமிழுக்கு இலக்கணம் எங்கே என்று கேட்டால் கையை விரிக்க வேண்டிய நிலை. அந்தக் குறையைப் போக்க நம்மவர் 1897-ல் செய்த நூல் நாடகவியல். பழைய முறைப்படி செய்யுளிலேயே எழுதினார். பொதுவியல்பு, சிறப்பியல்பு, உறுப்பியல்பு என்று மூன்று பகுதி. நாடகம் என்றால் என்ன, அதன் வகைகள் எவை, கதை எப்படி வளர்ந்து முடிய வேண்டும், பாத்திரங்கள் எப்படி அமைய வேண்டும், சுவை எப்படிப் பிறக்கும் என்று வரிசையாகச் சொல்லிப் போகிறார். அப்போது அவருக்கு வயது 27. நாடகத்துக்குப் பாடப்புத்தகம் எழுதிய அந்த வயதில், இன்று நம் மாணவர்கள் பலர் பிஎச்.டி.க்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்!

மூன்றாவது நாடகம் மானவிஜயம். முழுக்கச் செய்யுள். சோழன் செங்கணானிடம் தோற்றுச் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையின் கதை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு, அது காலம் தாழ்த்தி அலட்சியமாகக் கொடுக்கப்பட்டதால் குடிக்க மறுத்த மன்னன். புறநானூற்றில் அந்தச் சேரமானின் பாட்டு இருக்கிறது. அந்த நூலைச் சாமிநாதையர் பதிப்பித்தது 1894-ல். அச்சு மை உலர்வதற்குள் என்று சொல்லலாம், சங்கப் பாட்டிலிருந்து ஒரு நாடகத்தை எடுத்துவிட்டார் நம்மவர்.

இவ்வளவு சொன்னவன் ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று நாடகங்களையும் இன்று யாரும் மேடையேற்றிப் பார்ப்பது அரிது. அவருடைய தமிழ் கனமான தமிழ். ஜனங்களைக் கட்டி இழுத்தது சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும், பம்மல் சம்பந்த முதலியாரின் பேச்சுத் தமிழ் வசனமும்தான். இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் மேடை அந்த இருவர் வழியில்தான் போனது. ஆனால் நாடகம் கற்கத் தகுந்த, கற்பிக்கத் தகுந்த கலை என்று ஒரு கல்லூரி ஆசிரியர் நூலெழுதி நிலைநாட்டியது நம் கல்லூரியில். பின்னால் விபுலானந்த அடிகள் 1926-ல் மதங்க சூளாமணி எழுதியபோது அந்தப் பாதை ஏற்கனவே போடப்பட்டிருந்தது.

சக ஆசிரியர்களிடம் அவருக்கு வாய்த்த உறவும் பெரிது. ஆங்கிலப் பேராசிரியர் மு.சி. பூரணலிங்கம் பிள்ளை 1897-ல் ஞானபோதினி என்ற மாத இதழைத் தொடங்கியபோது நம்மவர் தோள் கொடுத்தார். அதில்தான் பதினான்கு அடியில் ஆங்கில சானட்டைப் போலப் பாடல்கள் எழுதினார். சொந்தப் பெயர் போட்டால் முகத்துக்காகப் புகழ்வார்கள் என்று சூரியனைப் பரிதியாக்கி, நாராயணனை மாலாக்கி, சாஸ்திரியைக் கலைஞராக்கிப் போட்ட புனைபெயர்தான் பரிதிமாற் கலைஞர். அதுவும் ஒரு வேஷந்தானே! பாட்டு நன்றாக இருந்ததால் புனைபெயர் சொந்தப் பெயரை விழுங்கிவிட்டது. தனிப்பாசுரத்தொகை என்று புத்தகமான அந்தப் பாடல்களை ஜி.யு. போப் ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

1898-ல் துறைக்கு ஓர் ஆசிரியர் தேவைப்பட்டது. நேர்முகத்துக்கு வந்த இளைஞர் வேதாசலம். ஆய்தத் தொடருக்கும் உயிர்த் தொடருக்கும் உதாரணம் சொல்லும்படி நம்மவர் கேட்க, அஃது எனக்குத் தெரியாது என்று இளைஞர் பதில் சொன்னாராம். தெரியாது என்று சொல்வது போல அஃது, தெரியாது என்று இரண்டு உதாரணத்தையும் கொடுத்துவிட்டார். வேலை கிடைத்தது. அவர்தான் பின்னாளில் மறைமலையடிகள். சாகுந்தலத்தைத் தமிழில் தந்தவரும் அவரே.

1902 வாக்கில் பல்கலைக்கழகப் படிப்பிலிருந்து தமிழை எடுத்துவிட ஒரு முயற்சி நடந்தது. நம்மவரும் பூரணலிங்கம் பிள்ளையும் பல்கலைக்கழக உறுப்பினர்களை நேரில் பார்த்துப் பேசி, எதிர்ப்பைத் திரட்டி, அதைத் தடுத்தார்கள். தமிழ் வகுப்பே போய்விட்டால் முத்தமிழில் எதை யாருக்குச் சொல்லிக்கொடுப்பது? அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் தமிழ் மொழியின் வரலாறு என்ற நூலையும் எழுதினார். உடம்புக்குள் காசநோய் வேலை செய்துகொண்டிருந்தது. 1903 நவம்பர் 2-ஆம் தேதி காலமானார்.

மொத்தம் பத்து வருஷ உத்தியோகம். நம்மில் பலர் முதல் பிரமோஷனுக்கே அவ்வளவு காலம் காத்திருந்திருக்கிறோம். அவர் கேட்ட செம்மொழி அந்தஸ்தை மத்திய அரசு 2004-ல் அறிவித்தது. 2006-ல் அவர் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. 2007-ல் தபால்தலையும் வந்தது. விளாச்சேரியில் அவர் வீடு நினைவில்லமாக இருக்கிறது. மதுரைப் பக்கம் போகிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்து வாருங்கள்.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்ச்சுரல்ஸில் ஆங்கில நாடகம் போடுங்கள், மைம் போடுங்கள், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அத்தோடு ஒரு வருஷம் மானவிஜயத்திலிருந்து ஒரே ஒரு களத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிறைக்குள் ஒரு மன்னன், கையெட்டும் தூரத்தில் ஒரு செம்பு தண்ணீர். செட்டிங்ஸ் செலவே கிடையாது. தமிழ் கடினமாக இருந்தால் துறை ஆசிரியரிடம் உட்கார்ந்து பாடம் கேளுங்கள், வார்த்தை வாயில் படியும் வரை சொல்லிப் பாருங்கள். ஆண்டர்சன் ஹாலில் விளக்கை அணைத்துத் திரையைத் தூக்கும் அன்று சொல்லி அனுப்புங்கள். பெருங்குடியிலிருந்து தாம்பரம் ஒன்றும் தூரமில்லை. முன் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.