ஒளியை அளந்த கிருஷ்ணன்

ஐயம்பேட்டை நெசவாளியின் முழக்கோல் பிசகினால் சேலை குட்டையாகிவிடும். ஒளிக்கும் சரியான அளவுகோல் வேண்டும்.

விஞ்ஞானி கே.எஸ்.கிருஷ்ணன் 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தார். கல்கத்தா சென்று சி.வி.ராமனிடம் சேர்ந்தார். 1928-ல் இருவரும் திரவங்களில் சூரிய ஒளியைப் பாய்ச்சினார்கள். சிதறிய மங்கல் ஒளியைக் கிருஷ்ணன் வெறுங்கண்ணாலேயே பார்த்தார். அதில் நிறம் மாறிய ஒளியும் கலந்திருந்தது! அதுவே 'ராமன் விளைவு'.

1930-ல் நோபல் பரிசு ராமனுக்குக் கிடைத்தது. கிருஷ்ணன் ஆராய்ச்சியை விடவில்லை. 1947-ல் டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் டைரக்டரானார். நாட்டின் பெரும்பாலான அளவுகளுக்கு மூலம் அந்தக் கூடமே. 1961-ல் காலமானார்.

இன்று ஒளித்துகளை ஒவ்வொன்றாக எண்ணும் கருவிகள் உண்டு. நூறு துகள் வந்தால் எத்தனை பிடிபடுகிறது? இதைச் சோதித்த பிறகே அந்தக் கருவியின் கணக்கை நம்பலாம்.